ஈரத்தடம்

காலையில் கட்டிலை விட்டு இறங்குகிற
முதல் அடிதான் மோசம்.
குதிகாலுக்குள் யாரோ
குண்டூசி டப்பாவைக் கவிழ்த்த மாதிரி.
நாலாவது அடியில் பாதி மறக்கும்.
அடுப்படி போய்ச் சேர்வதற்குள் மனுஷியாகிவிடுவேன்.

விளக்குத்தூண் பக்கம் மூன்று மாடி ஜவுளிக்கடை,
இரண்டாம் மாடியில் பட்டு.
ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பது வரை
நிற்பதற்குத்தான் சம்பளம்.
புடவை விற்பது
கூடவே செய்கிற வேலை.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் திலகவதி
வாளியில் காலை நனைக்கச் சொல்லி
பழைய பேப்பரை விரித்து
நடக்கச் சொன்னார்.
வலது தடத்துக்கு நடுவில் ஓர் இடுப்பு இருந்தது.
இடது,
கரண்டி படாமல் ஊற்றிவிட்ட தோசை மாவு.
ஆடித் தள்ளுபடி, முழுப்பக்கம்.
எங்கள் கடைப் பெயரின் மேலேயே
ஈரமாய் மிதித்திருந்தேன்.
மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"மெத்துமெத்துன்னு இருக்கறத வாங்கிறாதம்மா.
கட்டைவிரலால அமுக்கிப் பாரு.
உடனே பள்ளம் விழுந்தா அது மெத்தை.
உனக்கு வேண்டியது முட்டு,
வாழைக்குக் குடுக்கறமே, அது."

டவுன்ஹால் ரோட்டில் சவரிராயன் கடை.
நீல ஜெல்லி, முந்நூற்றைம்பது:
தொட்டதும் காதல் வந்தது, விரலும் உள்ளே போனது.
கார்க் அட்டை, அறுநூற்றி இருபது:
நடுவில் மேடு, குதிகாலுக்குக் கிண்ணம்,
அமுக்கினால் விரல்தான் வெளுத்தது.
காலை அச்செடுத்துச் செய்வது நாலாயிரமாம்.
அதை விலை கேட்டதோடு சரி.

"எந்தச் செருப்புக்குள்ள போடப் போறீங்க?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.
எங்கள் செருப்பெல்லாம் கீழே, மாடிப்படிக்கு அடியில்.
பட்டு இருக்கிற இடத்தில் வெறுங்கால்தான்,
மார்பிளில், பதினோரு வருஷமாக.
"அட்டைக்கு ஒரு வீடு வேணும்க்கா" என்றார்.
"சும்மா தரையில போட்டு நின்னா
வழுக்கி விட்டுரும்."

வீட்டையும் சேர்த்து வாங்கினேன்.
கறுப்பு கேன்வாஸ், நாடா வைத்தது,
அரை அளவு பெரிசு.
கூடவே வந்த மெல்லிய அட்டையை உருவிப் போட்டுவிட்டு
கார்க்கை, அடியில் இருந்த கோட்டோடு,
ஜாக்கெட் துணி வெட்டுகிற கத்திரியால் நறுக்கினேன்.

சூப்பர்வைசர் குபேந்திரனிடம்
பேப்பரைப் பிரித்துக் காட்டினேன்.
காய்ந்து சுருங்கிய இடது கால்,
அதற்கடியில் ஐம்பது சதவீதம்.
ரொம்ப நேரம் பார்த்தார்.
முதலாளி, கேமரா, தரைவிரிப்பு என்று
என்னென்னமோ சொன்னார்.
பிறகு, "வெளிய போட்டு நடக்காத ஷூவா இருக்கட்டும்.
ராத்திரி இங்கயே வச்சிட்டுப் போயிரு."
நாலு படி இறங்கிவிட்டுத் திரும்பி வந்து
குரலைத் தாழ்த்தி,
"ஆம்பளைக்கும் இருக்குமா அது?"

முதல் நாள் ஒரு மணி நேரம்,
மறுநாள் இரண்டு.
உள்ளங்காலுக்கு அடியில் ஒரு கூழாங்கல்லோடு
கல்யாணக் கூட்டத்துக்கு அரக்கையும் மாம்பழத்தையும்
விரித்து விரித்துக் காட்டினேன்.
"புடவைக்கு ஷூவா!" என்றது ஒரு மாப்பிள்ளை வீடு.
சிரித்துவிட்டு மேல் தட்டுக்கு எட்டினேன்.
கால் அங்குலம் வளர்ந்திருந்தேன்,
ஸ்டூல் தேவைப்படவில்லை.

பத்தாம் நாள் கூழாங்கல் காணாமல் போனது.

ரஹ்மத்நிஷாவுக்கும் அதே வலி.
ஒரு சாயங்காலம் போட்டுப் பார்க்கக் கேட்டாள்.
அரை மணி நேரத்தில் கழற்றிவிட்டாள்.
"உன் கால் என் காலைக் கடிக்குதுடி."
அவளுக்கு வேறு மேடு,
வேறு பள்ளம்.

குண்டூசி முழுக்கப் போய்விடவில்லை.
டப்பா போய், இப்போது நாலைந்துதான்.
தினமும் பூட்டுவதற்கு முன்
அட்டையை உருவி ஜன்னலோரம் சாய்த்து வைக்கிறேன்,
வேர்வை காய.

தை பிறந்ததும் சவரிராயனிடம் கொண்டுபோனேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்து
குதிகால் பள்ளத்தில் விரலை வைத்தார்.
"இடதுதான் ரொம்ப உழைச்சிருக்கு."

ரெண்டுக்கும் சேர்த்துத்தான்
சம்பளம் என்றேன்.